சேதாரம்

பிப்ரவரி. சேன்-பியேர் துறைமுகத்தில்
பனிமூட்டம் படகுகளின் பெயர்களை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.
எதிர்க்கரைக் கனடாவிலிருந்து வந்த தாளில்
ஓசி-மூன்று என்றிருந்தது.
பாரிஸிலிருந்து வந்திறங்கிய பெட்டியின் நெற்றியில்
எஸ்டிஎம்-ஒன்று.
"மூன்று கேட்டார்கள், ஒன்று வாங்கியிருக்கிறோம். போச்சு"
என்றார் கணக்கர் எவாரிஸ்ட்.

ரொட்டிக்கடை உறையின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்.
51.84 பெருக்கல் மூன்று: 155.52.
அவர்களுடைய மூன்றும் நம்முடைய ஒன்றும்
ஒரே வெளிச்சம், ஐயா.
கடலடியில் அதற்குப் பெயரே கிடையாது.

பெயர் கரையேறிய பிறகுதான்,
கண்ணாடி இழையை விட்டுச் செம்புக்கு இறங்கும்போதுதான்.
அங்கே இருபத்துநான்கு குரல்களை ஒரு கட்டாகக் கட்டுகிறார்கள்,
இங்கே முப்பதை.
அதே வெளிச்சத்துக்குள்
அவர்கள் கட்டு எண்பத்துநான்கு கொள்ளும்,
எங்கள் கட்டு அறுபத்துமூன்று.
பார்வைக்கெட்டும் கரைதான்,
மூட்டமில்லாத நாளில் அவர்கள் புகைபோக்கிகளை எண்ணலாம்.
ஆனாலும் கடிகாரத்தில் அரை மணி இடிக்கிறது.
கம்பி மட்டும் ஒத்துப்போய்விடுமா?

எவாரிஸ்ட் விடுகிற ஆளில்லை.
கையுறையைக் கழற்றிக் கால்குலேட்டரைத் தட்டினார்.
அறுபத்துமூன்று பெருக்கல் 2.048:
நூற்றிருபத்தொன்பது, சொச்சம்.
"நூற்றைம்பத்தைந்தரைக்குப் பணம் கட்டுகிறோம், மேலிஸ்.
கணக்கு உதைக்கிறது.
மிச்சம் இருபத்தாறரை எங்கே?"

உருக்கிய தங்கத்தில் குறைந்ததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

முகவரிக்குப் போகிறது.
அபாய மணிகளுக்குப் போகிறது.
இரண்டு கடிகாரங்களில் ஒன்று வழுக்கினால்
சரக்கு எங்கே தொடங்குகிறது என்று நீட்டிக் காட்டும்
ஒரு விரலுக்குப் போகிறது.
கொஞ்சம் ஒன்றுமில்லாமலேயே போகிறது:
யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே
இந்தக் கரையில் ஏற்றி
அந்தக் கரையில் கொட்டிவிடும் வெற்று பிட்டுகள்.
இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.
நான் சொன்னது: "சேதாரம்."
ஏட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

இணைப்பு கொடுத்த இரவு
ஒளியளவு மைனஸ் இருபத்தாறு காட்டியது.
சிவப்பு விளக்கு யோசித்தது. பிறகு பச்சை.
அறுபத்துமூன்று கட்டுகளும் காலி,
ஊரில் ஒருவர்கூட இன்னும் அதில் பேசவில்லை.
அப்போதுதான் அலமாரிக்குள் தொங்கிய தொலைபேசி அடித்தது.

அது கட்டுகளில் எதிலும் சேராது.
மேற்செலவின் இரண்டாம் வரிசையில் ஒற்றை பைட்,
நொடிக்கு எட்டாயிரம் முறை.
எங்களைப் போன்றவர்கள் பேசிக்கொள்ள
யாரோ ஒதுக்கிவைத்த இடம்.

அக்கரையில் லியாண்டர் ஹிஸ்காக்.
அவர்கள் குரலை ஒரு விதிப்படி வளைக்கிறார்கள்,
நாங்கள் வேறு விதிப்படி.
மாற்றியை இன்னும் பூட்டவில்லை.
தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல்:
"ஹீட்டர் செத்துவிட்டது. மூக்கு இருக்கிறதா தெரியவில்லை.
அங்கே மணி என்ன?"
"இரண்டேகால்."
"இங்கே ஒன்றேமுக்கால்தான்.
அப்படியானால் நீங்கள்தான் முதலில் தூங்கப்போகிறீர்கள்.
இந்த மூட்டத்தை நீங்களா அனுப்புகிறீர்கள்?"
"உங்களிடம்தான் வாங்குகிறோம். சுங்க வரி கிடையாது."
பதினொரு நிமிடம் பேசினோம்.
அதற்கு மீட்டரும் இல்லை.

காலையில் எவாரிஸ்ட் வந்து
விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மறுபடி அடித்தது.
ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தேன்.
"உங்கள் இருபத்தாறரையில் ஒரு துளி. பேசுங்கள்."

அவருக்கு ஆங்கிலம் வராது.
"அலோ" என்றார்.
பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் காதில் வைத்தபடி நின்றார்.
அந்த மௌனமும்
நொடிக்கு அறுபத்துநான்காயிரம் பிட்டாகவே
அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது,
ஒன்றுகூடக் குறையாமல்.